தயையின் இலக்கணமும் உப்பளத்து மழையும்

சித்திரை, வைகாசித் திங்களில் எதிர்பாராது பெய்யும் கோடைமழை, மரக்காணம் கரையில் இருவேறு முகங்களைக் காட்டும். மேட்டுநிலத்து உழவர்க்கு அது கோடையுழவுக்கு வாய்த்த ஈரம். வறண்ட குளத்துக்கு முதல் நீர். அதே மழை, அதே நாழிகையில், கழுவெளிக்கும் கடலுக்கும் நடுவே பரந்து கிடக்கும் உப்பளங்களில் இறங்கும்போது பல நாள் உழைப்பைக் கரைத்துவிடுகிறது. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கே. அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலாலும் காற்றாலும் வற்றவைத்து, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலன்றி உப்பு மணி கட்டாது. மணி கட்டும் நிலையில் நிற்கும் பாத்தியின்மேல் ஒருநாள் மழை விழுமாயின், கட்டிய உப்பும் கரையும். முற்றிய உவர்நீரும் இளகும். தொழில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பாத்தியில் இறங்கி உப்பு வாருவோர்க்கு அத்தனை நாளும் கூலி இல்லை.

ஆக, ஒரே மழை ஒருவனுக்கு ஸுகஹேதுவாகவும் மற்றொருவனுக்கு துக்கஹேதுவாகவும் நிற்கிறது. இவ்விருவரும் அயலூரார், ஒரே சந்தையில் நிற்பவர், ஒரே உப்பை உண்பவர். மழை கண்டு மகிழ்ந்த உழவனது நெஞ்சில் உப்பளத்தானுடைய இழப்பு எவ்வாறு புகும்? தனக்கு நன்மையாய் அமைந்த ஒன்று பிறனுக்குத் துன்பம் என்பதை ஒருவன் உணர்ந்து, அத்துன்பம் துடைக்கக் கை நீட்டுவது எதனால்? மனிதன் பிறர்க்கு ஏன் உதவுகிறான் என்னும் பழைய வினா, இக்கரையில் இவ்வாறு உருக்கொள்கிறது.

இரண்டு லக்ஷணங்கள்

இவ்வினாவை நம் ஸம்ப்ரதாயம் தயை என்னும் குணத்தின் லக்ஷணத்தை ஆராயுமிடத்து எழுப்பியது. தயையாவது யாது? பிறர் துக்கம் கண்டு தான் துக்கிக்கையே தயை என்பது ஒரு நிர்வாஹம். இதனைப் பரதுக்க துக்கித்வம் என்பர்; பிள்ளை லோகாசார்யர் வழி வந்தவர்கள் இதனைக் கொள்வர். தன் பயனை எதிர்பாராமல் பிறர் துக்கத்தை நீக்க விரும்புகையே தயை என்பது மற்றொரு நிர்வாஹம். இதனைப் பரதுக்க நிராசிகீர்ஷை என்பர். வேதாந்த தேசிகர் வழி வந்தவர்கள் இதனைக் கொள்வர். கலைபேதங்களை எண்ணுமிடத்து இவ்வேறுபாடும் ஒன்றாக எண்ணப்படும்.

முதல் நிர்வாஹத்துக்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. எம்பெருமான் ஆனந்தமயன், ஹேயகுணம் அற்றவன். அவனுக்கு துக்கம் சொல்லலாமோ எனின், கர்மத்தால் வரும் துக்கமே குற்றம். பிறர்பொருட்டு வரும் துக்கம் குணமேயாம் என்பது ஸமாதானம். ஸ்ரீராமாயணத்தில் பெருமாளுடைய குணங்களைப் பேசுமிடத்து, குடிமக்களுக்கு இடர் வந்தபோது அவர்களினும் மிகத் துக்கித்தார் என்று வால்மீகி கூறியது இதற்கு ப்ரமாணமாகக் காட்டப்படும். இரண்டாம் நிர்வாஹத்துக்கும் ஓர் ஆக்ஷேபம் உண்டு. துக்கியாதவன் நீக்க விரும்புவானோ எனின், தாய் தன் குழந்தையின் காய்ச்சல் கண்டு அழுகிறாள்; மருத்துவன் அழாமலே மருந்திடுகிறான்; குழந்தைக்கு வேண்டுவது காய்ச்சல் தணிகையே அன்றோ என்பது ஸமாதானம்.

இவ்விரண்டையும் வாதத்துக்குரிய பொருளாக மட்டும் கருதுவார் பலர். ஆயின் மனித மனத்தைச் சோதித்து அறிய முயன்ற மேல்நாட்டு உளநூலாரும், இவ்விரண்டு லக்ஷணங்களுக்கும் இடைப்பட்ட அதே இடத்தில்தான் வந்து நின்றனர் என்பது நோக்கத்தக்கது.

யாருடைய துக்கம்?

17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ், மனிதச் செயல் அனைத்தும் தன்னலம் பற்றியது என்ற கொள்கைக்குப் பெயர் பெற்றவர். அவர் லண்டனில் ஒரு முதிய இரவலனுக்குக் காசிட்டதைக் கண்ட ஒருவர், மதக் கட்டளை இல்லாவிடினும் இதனைச் செய்திருப்பீரோ என வினவினாராம். செய்திருப்பேன், அவனது அவலம் எனக்கு வருத்தம் தந்தது, என் காசு அவன் துயரைச் சற்றுத் தணித்து, என் வருத்தத்தையும் தணித்தது என்ற கருத்தில் ஹாப்ஸ் விடையிறுத்தார் என்று, அவரை அறிந்த ஜான் ஆப்ரி எழுதிவைத்துள்ளார்.

இவ்விடை பரதுக்க துக்கித்வ பக்ஷத்துக்கு நேரே எழும் கடிய ஆக்ஷேபமாகும். பிறர் துக்கம் கண்டு நான் துக்கிக்கிறேன். என் துக்கம் நீங்கவே அவனுக்கு உதவுகிறேன் எனின், அது ஸ்வார்த்தமே அன்றோ? காலில் தைத்த முள்ளைக் களைபவனுக்கும் இவனுக்கும் வேறுபாடு என்னை?

அமெரிக்காவில் கான்ஸஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டேனியல் பேட்சன், 1981-இல் தம் துணைவரோடு வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வினாவையே சோதித்தது. மாணவியர் சிலர் ஓர் அறையில் அமர்ந்து, மற்றொரு பெண் மின்னதிர்ச்சி பெற்று வருந்துவதைத் திரையில் கண்டனர். அதிர்ச்சி உண்மையன்று, நடிப்பே. ஆயினும் பார்ப்பவர் அறியார். மொத்தம் பத்து முறை அதிர்ச்சி. சிலரிடம், இரண்டு முறை பார்த்தபின் எழுந்து போகலாம் என்று கூறப்பட்டது. சிலரிடம், முடியும்வரை பார்த்தே தீரவேண்டும் என்று கூறப்பட்டது. பின்னர், அவளுக்குப் பதிலாக நீ அமர்வாயோ என்று ஒவ்வொருவரும் வினவப்பட்டனர்.

சோதனையின் நுட்பம் இதுவே: தன் வருத்தம் தீர்வதே ஒருவளுடைய நோக்கமாயின், எழுந்து போக வழியிருக்கும்போது அவள் போய்விடுவாள். கதவு திறந்திருக்கையில் முள்ளைக் களைய வேண்டுவதில்லை. முள்ளிருக்கும் இடத்தை நீங்கினாலே போதும். அவ்வாறே நிகழ்ந்தது. வருந்துபவள் தன்னின் வேறுபட்டவள் என்று எண்ணச் செய்யப்பட்டு, போகவும் வழியிருந்த குழுவில் நூற்றுக்கு 18 பேரே மாற்றாள் ஆக இசைந்தனர். அவள் தன்னைப் போன்றவள் என்று எண்ணி, அவள்பால் மனம் கனிந்த குழுவிலோ, போக வழியிருந்தும் நூற்றுக்கு 91 பேர் இசைந்தனர். ராபர்ட் சியால்டினி முதலானோர் 1987-இல் இதனை மறுத்து, கனிந்த மனமும் தன் சோர்வு நீங்கவே உதவுகிறது என வாதிட்டனர். வாதம் இன்றும் முற்ற முடிந்திலது. ஆயினும் பேட்சன் காட்டிய பிரிவு நிலைபெற்றது. பிறர் துன்பத்தைக் கண்டவிடத்து எழும் நோவு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, காண்பவன் தன்னைப் பற்றிக் கொள்ளும் கலக்கம். அது கதவைத் தேடும். மற்றது, துன்புறுவானைப் பற்றிய நோவு. அது அவனைத் தேடும்.

இப்பிரிவைக் கொண்டு நோக்கின், லக்ஷண வாக்கியத்தில் உள்ள சொற்களின் பொருத்தம் விளங்கும். துக்கித்வம் என்று மட்டும் கூறாது, பரதுக்க துக்கித்வம் என்றமையால், கதவைத் தேடும் கலக்கம் தயை ஆகாது என்பது பெறப்பட்டது. தன் பயன் எதிர்பாராமை மற்றை லக்ஷணத்தில் வெளிப்படையாகவே ஓதப்பட்டது. ஆகவே ஹாப்ஸின் ஆக்ஷேபம் இரண்டு நிர்வாஹத்தையும் தொடாது. இரவலனை விட்டு எதிர்த்தெருவுக்கு மாறிப்போனாலும் கூடவே வரும் நோவு எதுவோ, அதுவே தயைக்கு வித்து என்க.

நம் பெரியோர்கள் இதற்குக் காட்டும் ஐதிஹ்யம் ஒன்று உண்டு. வழிநடையில் ஒரு வேடன் குடிசையில் தங்க நேர்ந்த பராசர பட்டர், அவ்வேடன் கூறிய செய்தியைக் கேட்டார். முயற்குட்டி ஒன்றை அவன் பிடித்து வந்தபோது, தாய்முயல் பின்தொடர்ந்து வந்து அவன்முன் விழுந்ததாம். அவன் குட்டியை விட்டுவிட்டானாம். சரமச்லோகமோ சரணாகதி சாஸ்த்ரமோ கேட்டறியாத இவனுக்கு இது எவ்வாறு பிறந்தது என்று பட்டர் வியந்து உருகினார். வேடனுக்கு முயல் இனத்தது அன்று, இரை. அவன் திரும்பி நடந்திருந்தால் தாய்முயல் அவனை என் செய்யும்? போக வழியிருந்தும் போகாமல், தன் ஊனை இழந்து நின்ற அந்நிலையே இங்குக் கருதத்தக்கது.

இதற்கு எதிர்த்தலையாக நிற்பது, 1973-இல் ஜான் டார்லியும் அதே பேட்சனும் வெளியிட்ட ஆராய்ச்சி. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் சமயநூல் பயிலும் மாணவர் சிலர், ஓர் உரை நிகழ்த்த அடுத்த கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய ஸமாரியனைப் பற்றிய விவிலியக் கதையே சிலர்க்கு உரைப்பொருள். வழியில் ஒருவன் குனிந்து இருமி முனகிக்கொண்டிருந்தான், அவனும் நடிப்பவனே. நேரமிருக்கிறது என்று அனுப்பப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டோரில் நூற்றுக்கு 10 பேரே உதவினர். உரைப்பொருள் எது என்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் செய்திலது. சாஸ்த்ரம் கேளாத வேடன் நின்றான். சாஸ்த்ரத்தை எடுத்துச் சென்றவர் கடந்தனர். லக்ஷணத்தை அறிகை வேறு. லக்ஷ்யத்தில் நிற்கை வேறு.

மயிலுக்குப் போர்வை

துக்கம் பிறனுடையதாயிருத்தல் மட்டும் போதுமோ எனின், போதாது. அத்துக்கம் இன்னது என்று அறிதலும் வேண்டும். இதற்கு மரக்காணம் கரையே பழஞ்சான்று தருகிறது.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவன் நாட்டுக் கடற்கரை ஊராகக் கூறப்படும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். வறுமையால் வாடி வரும் பாணன், அக்கரையில் என்ன பெறுவான் என்று அப்பாட்டு விரிக்கிறது. உறங்கும் ஒட்டகம் போலக் கரையில் அலை ஒதுக்கிய அகிற்கட்டைகளை நுளையர் மகளிர் விறகாக எரிக்கின்றனர். பரதவர் தாம் பருகுவதையும், தாம் சுட்ட உலர்மீனையும் வந்தவனுக்கு அளிக்கின்றனர். பசித்து வந்தவனுக்கு உணவு. நடந்து வந்தவனுக்கு இளைப்பாறல். வந்தவனது துக்கம் இன்னது என்று அறிந்து அளித்த உதவி அது.

அதே பாட்டில், நல்லியக்கோடனுக்கு முன்னிருந்த வள்ளல் எழுவர் எண்ணப்படுகின்றனர். அவருள் பேகன், மயிலுக்குப் போர்வை அளித்தவன். மயிலின் குரலையும் ஆடலையும் குளிரின் நடுக்கமாகக் கொண்டான் என்பர். பாரி, முல்லைக்கொடி படரத் தேர் ஈந்தவன். இத்தகைய ஈகையைக் கொடைமடம் என்று பழந்தமிழர் பெயரிட்டனர். அப்பெயரில் புகழும் உண்டு. நுண்ணிய மதிப்பீடும் உண்டு. பேகனது நெஞ்சு கனிந்தமை மெய்; மயிலுக்குக் குளிரவில்லை என்பதும் மெய். அவன் மயிலின் இடத்தில் தன்னை வைத்தான். மயிலை மயிலாக நோக்கினானில்லை.

பேட்சன் 1997-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இவ்விடத்துக்குப் பொருந்தும். அவன் நிலையில் நான் இருந்தால் எனக்கு எப்படியிருக்கும் என்று எண்ணுவது ஒன்று. அவன் நிலையில் அவனுக்கு எப்படியிருக்கிறது என்று எண்ணுவது மற்றொன்று. பின்னதால் கனிவு பிறக்கிறது. முன்னதால் கனிவோடு, கதவைத் தேடும் அக்கலக்கமும் கூடவே பிறக்கிறது. கோடைமழையில் நனைந்து மகிழும் உழவன், உப்பளத்தானது இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தால் அங்கும் மழை இனியதாகவே தோன்றும். பாத்தியின் கணக்கை அவன் அறிந்தாலன்றி அயலானது துக்கம் அவனுக்குப் புலப்படாது.

கணக்கு மட்டும் அறிந்தால்

ஞானம் இல்லாத தயை குறையுடைத்து எனின், தயை இல்லாத ஞானம் யாதாகும்? தேசிகர் தயாசதகத்தில், ஞானம், பலம் முதலிய குணங்களும் தயையைப் பிரிந்தால் நமக்குக் குற்றங்களாகவே முடியும் என்னும் கருத்தை அருளிச்செய்தார். அளவற்ற அறிவும் ஆற்றலும் குற்றவாளியைத் தண்டிக்கவே பயன்படும் என்பது கருத்து.

இதற்கு உலகியலில் ஒரு சான்று, மரக்காணத்தில் வந்து முடியும் பக்கிங்ஹாம் கால்வாயின் வரலாற்றில் உள்ளது. ஆந்திரக் கரையிலிருந்து தெற்கே மரக்காணம் வரை ஓடும் இந்நீர்வழியில், சென்னை நகருள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்பஞ்சத்தை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என வகுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதனை எதிர்த்தார். மண் சுமக்கும் உடலுக்கு இவ்வளவு ஆகாது. பருப்பும் காயும் வேண்டும் என்று, மெலிந்த உடல்களைக் கண்ட மருத்துவராக வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் இறந்தவர் மீளவில்லை.

இங்கு வியத்தற்குரியது ஒன்று உண்டு. இதே டெம்பிள், 1873–74-இல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து ஏராளமான அரிசி தருவித்து மக்களைக் காத்தவர். மிகச் செலவு செய்தார் என்று அதற்காகப் பழிக்கப்பட்டார். மூன்று ஆண்டு கழித்து அவர் கை சுருங்கியது. உதவியவனைப் பழிக்கும் உலகம், அடுத்த முறை அவன் கையைச் சுருக்கிவிடுகிறது. தன் பெயரைக் காக்கும் எண்ணம் நுழைந்தவிடத்து, பிறன் துக்கத்தைக் காணும் கண் மூடுகிறது. ஸ்வார்த்த நிரபேக்ஷம் என்ற அடைமொழியில், பொருளாசை மட்டுமன்றிப் பழிக்கு அஞ்சுகையும் விலக்கப்பட்டதாகக் கொள்ளல் தகும்.

ஐயோ என்கையும் வேணும் என்கையும்

பிறன் இடர்ப்படக் கண்டு ‘ஐயோ’ என்று நெஞ்சு இளகினவனுக்கே பகவத் ஸம்பந்தம் உண்டு என்றும், அவனுக்கு இது தகும், ‘வேணும்’ என்றிருந்தவனுக்கு அது இல்லை என்றும் நஞ்சீயர் பலகாலும் அருளிச்செய்வர் என்பது ஈட்டின் வழியே வந்த செய்தி. வேணும் என்னும் எண்ணம் கொடியோர்க்கே உரியது என்று நினைப்பது பிழை. மெல்வின் லெர்னர் 1966-இல் வெளியிட்ட சோதனையில், துன்புறும் ஒருத்தியைப் பார்த்திருந்து, அத்துன்பத்தை நிறுத்த வழியில்லாதவர், சிறிது நேரத்தில் அவளையே தாழ்வாக மதிக்கத் தொடங்கினர். உலகம் நெறியோடு நடக்கிறது என்னும் நம்பிக்கையைக் காத்துக்கொள்ள, துன்புறுவானிடத்தே குற்றம் காண்பது மனத்தின் இயல்பு. துன்பம் துடைக்கும் வழி தந்தால் அப்பழிப்பு குறைந்தது.

கர்மத்தை நம்புவார்க்கு இவ்விடத்தில் ஒரு வழுக்கல் உண்டு. அவனவன் வினை என்று கூறிக் கடந்துபோவது எளிது. ஆயின் வினைக்கோட்பாடு ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளக் கற்ற மருந்து. பிறன் துன்பத்தைப் பாராதிருக்கக் கற்ற மறைப்பன்று. பெருமான் ஜீவர்களின் வினையைப் பாராமல் காக்கின்றான் என்பதையே தன் உய்வுக்கு வழியாகப் பற்றியிருப்பவன், அயலானிடத்தில் வினைக்கணக்கை எடுப்பது தன் நிலைக்கே முரண் ஆகும். மேலும், பேட்சனின் சோதனையில் தன்னைப் போன்றவள் என்னும் எண்ணமே கனிவைப் பிறப்பித்தது. அனைவரும் ஒருவனுக்கே சரீரம் என்று கொண்டவனுக்கோ, தன்னைப் போலாதான் என்று ஒதுக்க ஒருவரும் இல்லை.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலால், மரக்காணத்துக்கு மேற்கே மயிலத்தில் ஒருநாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மழையில் வயலும் மூழ்கியது, உப்பளமும் மூழ்கியது. அன்று அனைவர் துக்கமும் ஒன்றாயிருந்தமையால், ஒருவர் மற்றவரை அறிவது எளிது. பெருவெள்ளத்தில் மனிதர் ஒருவர்க்கொருவர் உதவுவதைக் கண்டு வியக்கிறோம். தயைக்கு மெய்யான சோதனை அந்நாள் அன்று. கோடையில் அரைநாழிகை பெய்து ஓயும் சிறுமழையே. அம்மழை நின்றபின், ஈரமண்ணின் மணத்தில் மகிழ்ந்து நிற்கும் உழவன், கிழக்கே வெளுத்துக் கிடக்கும் பாத்திகளை நோக்கி, இன்று அங்குக் கூலி உண்டோ என்று ஒருகணம் நினைப்பானாயின், இரண்டு லக்ஷணமும் அவனிடத்தில் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம்.